ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை: சித்தூர் ஆய்வாளர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொதுவான பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீரைச் சித்தூர்ப் பகுதியின் கடைமடை (வாய்க்காலின் கடைசிப் பகுதி) உழவர்கள் தங்களுக்குள் எப்படி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. அதில் ஒரு பகுதியைக் கட்டுரையாக்கி ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். தரவு நன்றாக இருக்கிறது, ஆனால் முன்னுரை வலுவாக இல்லை, இந்த ஆய்வு ஏன் தேவை என்பது நிறுவப்படவில்லை என்று மதிப்பீட்டாளர் இருவரும் எழுதி, திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரையைத்தான் முதலில் எழுதினேன். அதற்குத்தான் அதிக உழைப்பும் செலவிட்டேன். எங்கே பிழை? வரைவின் தமிழ் வடிவத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஆய்வாளருக்கு,

வணக்கம். திருத்தி அனுப்பச் சொல்லி வந்த கடிதத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொண்டு மனம் தளர்ந்திருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அது நிராகரிப்பு அன்று. தரவைப் பாராட்டி, முன்னுரையை மட்டும் குறை சொல்லியிருக்கிறார்கள் என்றால், மறுபடியும் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து களப்பணி செய்ய வேண்டியதில்லை, மேசையில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம் என்று பொருள். ஆய்விதழ்களுக்காகக் கட்டுரைகளை மதிப்பிட்டுவரும் பழக்கத்தில் சொல்கிறேன்: முதல் முறை அனுப்புகிறவர்களுக்கு இவ்வளவு நல்ல பதில் எளிதில் வருவதில்லை.

உங்கள் வரைவு, நீரின்றி உலகம் அமையாது என்னும் குறளோடு தொடங்குகிறது. அடுத்த வாக்கியம் புவிப்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு நீர் என்கிறது. அதற்கு அடுத்தது அதில் மிகப் பெரும்பகுதி உப்புநீர் என்கிறது. பிறகு இந்தியா வேளாண்மை நாடு, கேரளம் 44 ஆறுகள் ஓடும் மாநிலம், பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று படிப்படியாக இறங்கி வந்து, மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் சித்தூர் வருகிறது. கடைமடை என்ற சொல் அதற்கும் பிறகு வருகிறது. இவற்றுள் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் இந்த மூன்று பக்கங்களையும் அப்படியே எடுத்துக் குட்டநாட்டு நெல்வகைகளைப் பற்றிய கட்டுரையின் தலையில் வைத்தாலும் பொருந்தும், சென்னையின் குடிநீர்க் குழாய்களைப் பற்றிய கட்டுரையின் தலையில் வைத்தாலும் பொருந்தும். வேறு எந்தக் கட்டுரைக்கும் பொருந்தாத முதல் வாக்கியத்தைத் தேடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்லக்கூடியது. அத்தகைய வாக்கியம் உங்கள் வரைவில் ஏற்கெனவே இருக்கிறது, நான்காம் பக்கத்தில். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தமிழ்வழியில் படித்த ஆய்வாளர்கள் பலரிடமும் இதையே காண்கிறேன். பள்ளிக் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்பு இட்டுப் பழகினோம். முன்னுரையில் ஒரு குறளோ பழமொழியோ இருந்தால் ஆசிரியர் கூடுதலாக ஒரு மதிப்பெண் போட்டார். அந்தப் பயிற்சியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அங்கே தலைப்பைக் கொடுத்தவர் ஆசிரியர். நீர் மேலாண்மை பற்றி ஏன் எழுதுகிறாய் என்று எந்த மாணவனையும் எவரும் கேட்டதில்லை. ஆகவே முன்னுரைக்கு அங்கே தலைப்பை வரவேற்று உள்ளே அழைத்துவருவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள். எனவே ஏன் என்ற கேள்விக்கு முதற்பக்கத்திலேயே பதில் சொல்லும் கடமையும் உங்களுடையது. மதிப்பீட்டாளர்கள் 'ஆய்வின் தேவை நிறுவப்படவில்லை' என்று எழுதியது இதைத்தான். நீரின் தேவையை நீங்கள் நன்றாகவே நிறுவியிருக்கிறீர்கள்.

ஆய்விதழ்களின் முன்னுரைகள் எப்படி அமைகின்றன என்பதை ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் பல கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்து ஆராய்ந்தார். 1981-லும், விரிவாக 1990-லும் அவர் முன்வைத்த விளக்கம் இன்று ஆய்வெழுத்துப் பயிற்சிகளில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அவர் கண்டது மூன்று நகர்வுகள். முதலில் ஆசிரியர் தாம் நிற்கும் களத்தைக் காட்டுகிறார்: இந்தப் பொருள் பேசப்படுகிறது, இன்ன இன்னது இதுவரை தெரிந்திருக்கிறது. அடுத்து அந்தக் களத்தில் ஓர் இடைவெளியைக் காட்டுகிறார்: தெரியாதது, ஐயத்துக்குரியது, முரண்படுவது, அல்லது நீட்டிப் பார்க்க வேண்டியது. மூன்றாவதாக, அந்த இடைவெளியில் தம் ஆய்வைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். உங்கள் வரைவில் முதல் நகர்வு மூன்று பக்கம், இரண்டாவது ஒரே வாக்கியம், மூன்றாவது நோக்கங்களின் பட்டியல். நடுவிலுள்ளது இளைத்துப்போனதால்தான் முன்னும் பின்னும் இருப்பவை ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன.

இதைக் கேட்டு இதெல்லாம் மேலைநாட்டு வாய்பாடு என்று தோன்றினால், நன்னூல் என்னும் பழைய தமிழ் இலக்கண நூலில் பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, சொல்லப்பட்ட இலக்கணத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நூலின் பெயரையும் ஆக்கியோன் பெயரையும் சொன்னால் மட்டும் பாயிரம் ஆகிவிடாது. நூல் வந்த வழி, அது பேச எடுத்துக்கொண்ட பொருள், அதைக் கேட்பதற்கு உரியவர், கேட்பதால் வரும் பயன் ஆகியவையும் சிறப்புப் பாயிரத்தில் விளங்க வேண்டும் என்கிறார் நன்னூலின் ஆசிரியர் பவணந்தி. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்று அடுத்த நூற்பாவில் குறிக்கிறார். வழியைச் சொல்வது முன்னாய்வு. காரணத்தைச் சொல்வது இடைவெளி. உங்கள் வரைவில் பொருளும் களமும் இருக்கின்றன, பயன்கூட ஓரளவு இருக்கிறது. வழியும் காரணமும்தான் இல்லை.

இனி அந்த இடைவெளி வாக்கியத்துக்கு வருவோம், ஏனென்றால் மற்றவையெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது: "மாநிலங்களுக்கிடையே பங்கிடப்படும் பாசன நீரில் உழவர்களின் கூட்டு ஏற்பாடுகள் குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை." இப்படி எழுதுவதை நான் எந்த ஆய்வாளருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே ஒரு கட்டுரையைக் காட்டி மதிப்பீட்டாளர் இதை வீழ்த்திவிடலாம். துங்கபத்திரை அணையே கர்நாடகத்தில் இருந்துகொண்டு கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் நீர் தருவது; அதற்கென 1953-லேயே ஒரு வாரியம் அமைந்தது. அந்தக் கால்வாய்களை ஆராய்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் தேடிப் பார்த்தீர்களா? தேடாமல் 'எவரும்' என்று எழுதுவது துணிச்சல். தேடிய பின்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும்கூட, எவரும் செய்யவில்லை என்பது தனியே ஒரு காரணமாகாது. செய்யத் தேவையில்லாததாலும் ஒருவர் செய்யாமல் விட்டிருக்கலாம் அல்லவா?

இடைவெளியை வெற்றிடமாகக் காட்டாமல் கேள்வியாகக் காட்டுங்கள். இதற்கு வேண்டிய பொருள் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தேன். அவற்றில் ஒரு கூட்டம் இரு மாநில நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தைப் பற்றியது: நீர் அளக்கப்படும் இடமான மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும், வந்ததா, எந்த மாதத்தில் வந்தது, எவ்வளவு குறைந்தது என்பவை. இன்னொரு கூட்டம் பொதுவளங்களை ஊரார் கூடி ஆள்வதைப் பற்றியது. 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஓஸ்ட்ரமை மூன்று இடங்களில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்றிலும் அவர் பெயர் ஓர் அலங்காரமாகவே நிற்கிறது, அவர் சொன்ன எதோடும் உங்கள் தரவு உரசவில்லை. உங்களுக்கு அவரைவிட நெருக்கமானவர் ராபர்ட் வேட். தென்னிந்தியாவின் கால்வாய்ப் பாசனக் கிராமங்களை ஆராய்ந்து 1988-இல் அவர் வெளியிட்ட நூலில், தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் தலைமடைப் பக்கத்தைவிட, அது அரிதாகிற கடைமடைப் பக்கத்து ஊர்களில்தான் கூட்டு ஏற்பாடுகள் வலுவாக அமைந்திருந்தன என்று காட்டினார். அவரை நீங்கள் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள். என் கணிப்பில் அவர் இருக்க வேண்டிய இடம் முதற்பக்கம்.

ஏனென்றால், உங்கள் நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: கடைமடையில் முறைக் குறிப்பேடு (யாருக்கு எப்போது தண்ணீர் என்ற பதிவு) ஒழுங்காக எழுதப்படும் வாய்க்கால்களும் உண்டு, குறிப்பேடே கைவிடப்பட்ட வாய்க்கால்களும் உண்டு, கைவிடப்பட்ட வாய்க்கால்களில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் அதிகம். நான் தேடச் சொன்ன வாக்கியம் இதுதான். பற்றாக்குறை கூட்டு ஒழுங்கை வளர்க்கும் என்பது வேடின் வழி. அதே பற்றாக்குறையில் வசதியுள்ளவர் நிலத்தடி நீருக்குப் போய்விட்டால் அந்த ஒழுங்கு என்னவாகும் என்பது உங்கள் காரணம். உங்கள் தரவைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது என்பதால் இறுதி வாசகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். இருந்தாலும் முதற்பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி நீர் மணக்கடவில் கேரளத்துக்கு அளிக்கப்பட வேண்டும். இந்த நீரைப் பற்றி இங்கே எடுத்துக்கொண்ட ஆய்வுகள், மணக்கடவில் அளக்கப்படும் அளவோடு நின்றுவிடுகின்றன; அதற்குக் கீழே சித்தூரின் கடைமடையில் அதை யார், எந்த வரிசையில், யாருடைய கணக்கின்படி பெறுகிறார் என்பது அவற்றின் கேள்வியாக இல்லை. கால்வாய்ப் பாசனக் கிராமங்களை ஆராய்ந்தவர்கள், நீர் அரிதாகும் கடைமடையில் கூட்டு ஒழுங்கு வலுப்படுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆழ்துளைக் கிணறு உடையவரும் இல்லாதவரும் ஒரே வாய்க்காலில் பாய்ச்சும் இடத்தில் அந்த முடிவு எவ்வளவு பொருந்தும்? சித்தூர் வட்டத்தின் மூன்று ஊராட்சிகளில் உழவர் குழுக்கள் வைத்திருக்கும் முறைக் குறிப்பேடுகளையும் உழவர்களின் நேர்காணல்களையும் கொண்டு இக்கட்டுரை இந்தக் கேள்வியை ஆராய்கிறது."

இதில் உலக நீரும் இல்லை, 44 ஆறுகளும் இல்லை. முதல் வாக்கியத்திலேயே ஓர் இடமும் ஓர் அளவும் வந்துவிடுகின்றன. 'இங்கே எடுத்துக்கொண்ட ஆய்வுகள்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். படித்ததைப் பற்றி மட்டும் பேசுகிற வாக்கியத்தை எவராலும் எளிதில் மறுக்க முடியாது. குறளை விட்டுவிட மனமில்லை என்றால் ஆய்வேட்டின் முகப்பில் வையுங்கள், அங்கே அதற்கு மரியாதை இருக்கும்.

முன்னாய்வுகளைச் சொல்லும் முறையையும் மாற்ற வேண்டும். 'இன்னார் இன்ன ஆண்டில் இப்படிக் கூறுகிறார், இன்னொருவர் இப்படிக் கூறுகிறார்' என்று பத்திக்கு ஒருவராக அடுக்கியிருக்கிறீர்கள். ஆய்வேட்டில் நெறியாளர்கள் இதை அனுமதிக்கலாம், சிலர் கேட்கவும் செய்யலாம். ஆய்விதழில் இடம் போதாது, படிப்பவருக்குப் பொறுமையும் போதாது. ஆட்களை வரிசைப்படுத்தாமல் அவர்களுடைய முடிவுகளை வரிசைப்படுத்துங்கள். ஒரே முடிவுக்கு வந்தவர்கள் நால்வரானால் ஒரே வாக்கியத்தில் நால்வரையும் அடக்கிவிடலாம். அவர்களோடு முரண்படுபவர் ஒருவர் இருந்தால் அவருக்கு முழு வாக்கியம் கொடுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்வி பெரும்பாலும் அந்த முரணிலிருந்துதான் பிறக்கும். மூலத்தைப் படிக்காமல் பிறர் எடுத்துக்காட்டியதிலிருந்து மேற்கோள் எடுக்கவே வேண்டாம். உங்கள் பட்டியலில் இரண்டு மேற்கோள்கள் அப்படி வந்தவை என்று ஐயப்படுகிறேன். ஒரே பிழையான பக்க எண் இரண்டிலும் இருக்கிறது.

பிளாச்சிமடையைப் பற்றி முழுப் பத்தி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கம், பெருமாட்டி ஊராட்சி, 2000-இல் தொடங்கி 2004-இல் மூடப்பட்ட கோக்கோ-கோலா ஆலை, நிலத்தடி நீருக்கான போராட்டம் என்பதால் விட முடியவில்லை என்பது புரிகிறது. ஆனால் அது ஓர் ஆலைக்கும் ஊருக்கும் இடையிலான வழக்கு. உங்களுடையது ஒரே வாய்க்காலின் உழவர்களுக்கு இடையிலானது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதைச் சொல்லும் இடத்தில் ஒரு வாக்கியம் போதும்.

வரலாற்றுக்கும் இதையே சொல்வேன். எல்லைப்புறத்துக்காரர்களான நமக்கு 1956 நவம்பர் 1-ஐத் தொடாமல் எதையும் பேசத் தெரியாது. கொச்சி அரசின் சித்தூர் மலபார் மாவட்டத்தின் நடுவே ஒரு தீவுபோல் கிடந்ததும், மாநிலங்கள் பிரிந்ததும், 1970 மே 29-இல் கையொப்பமான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டதும் சுவையான செய்திகள்தாம். அவை 'ஆய்வுக் களம்' என்ற பகுதிக்குப் போகட்டும். முன்னுரையில் வெளிநாட்டு வாசகருக்குத் தெரிய வேண்டியது, நீர் ஒரு மாநிலத்தின் அணையிலிருந்து இன்னொரு மாநிலத்தின் வாய்க்காலுக்கு வருகிறது என்பது மட்டுமே. அதேபோல் முறை, கடைமடை, பாடசேகர சமிதி (நெல் உழவர் குழு) ஆகியவற்றை ஆங்கிலக் கட்டுரையில் முதன்முறை எழுதும்போது ஒரு சிறு தொடரில் விளக்கிவிட்டு, பிறகு தயங்காமல் அதே சொற்களையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆங்கிலச் சொல்லைப் போட்டால் மூன்று தனி ஏற்பாடுகள் இருப்பதாக வாசகர் மயங்குவார்.

முன்னுரையின் கடைசிப் பத்தியில் முடிவைச் சொல்லிவிடலாமா என்ற தயக்கம் உங்களிடம் இருப்பது தெரிகிறது. 'முடிவுகள் பின்னர் விவாதிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பறியும் கதைக்குத்தான் அந்த மறைப்பு தேவை. பொருளியல், சமூகவியல் கட்டுரைகளில் முதன்மையான முடிவை ஒரு வாக்கியத்தில் முன்னுரையிலேயே சொல்வது வழக்கம், நல்லதும்கூட. மருத்துவத் துறையில் பெரும்பாலும் நோக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். அது அந்தத் துறையின் மரபு. அறிவியலிலும் விதிவிலக்கு உண்டு. 1953 ஏப்ரல் 25-இல் டிஎன்ஏ வடிவத்தைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டிய கட்டுரை, தாங்கள் ஒரு வடிவத்தை முன்மொழிவதாக முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. அடுத்த பத்தியில் பாலிங், கோரி ஆகியோர் ஏற்கெனவே முன்மொழிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் ஏற்கத்தக்கதாக இல்லை என்பதற்கு இரண்டு காரணங்களைத் தருகிறது. உயிர்களின் தோற்றம் பற்றி ஒரு முன்னோட்டமும் அதில் கிடையாது.

நீளத்தைப் பொறுத்தவரை, ஏழாயிரம் சொற்கள் கொண்ட சமூக அறிவியல் கட்டுரைக்கு எழுநூறு சொற்களை ஒட்டிய முன்னுரை போதும் என்பது என் வழக்கமான அளவுகோல். அனுப்பப்போகும் ஆய்விதழின் அண்மை இதழ்கள் இரண்டை எடுத்து முன்னுரைகளை மட்டும் வாசித்துப் பார்த்தால் அவர்களுடைய அளவும் நடையும் பிடிபட்டுவிடும்.

முன்னுரையை முதலில் எழுதியது தவறா என்று கேட்டால், முதலில் எழுதியதில் தவறில்லை, கடைசியில் மறுபடி எழுதாமல் விட்டதில்தான் தவறு. தொடக்கத்தில் எழுதும் முன்னுரை நீங்கள் செய்ய நினைத்த ஆய்வைப் பற்றியது. வெளியிட வேண்டியது செய்து முடித்த ஆய்வுக்கான முன்னுரை. உங்கள் வரைவில் பெண் உழவர்களின் பங்கை ஆராய்வது நான்காவது நோக்கமாக இருக்கிறது, ஆனால் முடிவுகளில் அதைப் பற்றி ஒரு அட்டவணையும் இல்லை. திட்ட வரைவிலிருந்து தங்கிவிட்ட நோக்கம் அது என்று நினைக்கிறேன். முன்னுரையில் தரும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில், அது எந்தப் பக்கத்தில் நிறைவேறுகிறது என்று பென்சிலால் எண் போட்டுப் பாருங்கள். எண் போட முடியாதவற்றை நீக்கிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் முன்னுரையை எழுதச் சொல்லலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில இலக்கணத்தைத் திருத்திக்கொள்ள அது உதவும். அப்படி உதவி பெற்றதைத் தெரிவிக்க வேண்டுமா என்பதை ஆய்விதழின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள், பல இதழ்கள் இப்போது அதைக் கேட்கின்றன. முன்னுரையையே எழுதச் சொன்னால், பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே எழுதிய அதே மூன்று பக்கங்களை இன்னும் நல்ல ஆங்கிலத்தில் திருப்பித் தரும். இல்லாத கட்டுரைகளை மேற்கோளாகச் சேர்த்தும் தரக்கூடும். வாய்க்காலின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பும்போது மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு பதில் கடிதமும் இணைக்க வேண்டும். அவர்களுடைய ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் என்று குறிப்பிடுங்கள். முன்னுரையை முழுவதுமாக மாற்றியிருப்பதால் புதிய இடைவெளி வாக்கியத்தை அந்தக் கடிதத்திலேயே ஒருமுறை எடுத்துக் காட்டலாம். அவர்கள் சொன்னதில் ஏதேனும் உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்றால், மழுப்பாமல், மரியாதையோடு காரணம் சொல்லி மறுக்கலாம். அதனால் கட்டுரைக்குக் கேடு வராது. முன்னுரை மாறியதும் ஆய்வுச் சுருக்கமும் தலைப்பும் பழைய கேள்வியையே பேசிக்கொண்டிருக்கும் என்பதால், அவ்விரண்டையும் கடிதத்தை எழுதுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.